பழைய காருக்கு வேறு எஞ்சின்: மவுண்ட் அடிக்கும் முறை

எஞ்சின் மாற்றும் வேலையில் மவுண்ட், அதாவது எஞ்சினைச் சேஸோடு தாங்கிப் பிடிக்கும் அமைப்பு, கடைசியாகச் செய்ய வேண்டிய உருப்படி. எஞ்சின் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு சாய்வில் உட்காரப்போகிறது என்பது முழுக்க முடிவான பிறகுதான் தகட்டில் கட்டிங் வீலை வைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரெடிமேட் பிராக்கெட் கிட்டை வாங்கிப் பூட்டி, அது நிறுத்திய இடத்தில் எஞ்சினை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பரில் (சேஸின் குறுக்குச் சட்டம்) இடிக்கும், ஆயில் ஃபில்டர் கழலாது, வேகம் ஏறினால் தரை அதிரும். கிட் மோசம் என்று சொல்லவில்லை. எந்த சம்ப், எந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், எந்த கியர்பாக்ஸை வைத்து அந்தக் கிட்டைச் செய்தார்களோ, அதே சேர்க்கை உங்களிடம் இருந்தால்தான் அது சரியாக உட்காரும்.

இங்கே சொல்வதெல்லாம் முன்னால் நீளவாக்கில் எஞ்சின் நிற்கும், பின்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு.

மவுண்டுக்கு வரும் சுமை

எடை பெரிய விஷயமே இல்லை. 200 கிலோ எஞ்சினும் 50 கிலோ கியர்பாக்ஸும் மூன்று புள்ளிகளில் நின்றால், முன் மவுண்ட் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 85 கிலோதான் வரும். சோதனை முறுக்கு விசையில் இருக்கிறது. 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், 3:1 விகித முதல் கியரில், பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு 1200 நியூட்டன் மீட்டரை அனுப்புகிறது. அதே 1200 எதிர்த்திசையில் திரும்பி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். முன் மவுண்டுகளுக்கு நடுவே 500 மி.மீ. தூரம் இருந்து, புரட்டலை அவை இரண்டுமே தாங்குவதாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 2400 நியூட்டன், அதாவது சுமார் 245 கிலோ, மேல்நோக்கி இழுக்கும். மறுபக்கம் அதே அளவு கீழே அமுக்கும். எடையில் 85 கிலோவைக் கழித்தாலும் 160 கிலோ தூக்கல் மிச்சம். கிளட்சைப் படாரென்று விட்டால் அந்த நொடியில் இதைவிடக் கூடும்.

முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஓடும் எஞ்சின் என்றால், முன்னோக்கிப் போகும்போது காரின் இடப்பக்க மவுண்ட்தான் மேலே இழுபடும். ரிவர்ஸில் வலப்பக்கம். ரப்பர் அமுக்கத்தை வருடக்கணக்கில் தாங்கும். இழுப்பில் இரும்போடு ஒட்டிய இடத்திலேயே பிய்ந்துவிடும். ஆகவே ரப்பர் முழுக்கப் பிய்ந்தாலும் எஞ்சின் எழும்ப முடியாதபடி இரும்போடு இரும்பு கோத்துப் பிடிக்கும் அமைப்பு வேண்டும். இது வெறும் எச்சரிக்கை இல்லை. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1965–69 மாடல் வண்டிகளில் சுமார் 67 லட்சத்தை இதற்காகவே திரும்ப அழைத்தது. மவுண்ட் பிய்ந்து, எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி, ஆக்ஸிலரேட்டர் திறந்தபடி மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் இருந்தது. எஞ்சினை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பிவடம் கட்டினார்கள், அதுதான் பரிகாரம். அந்தக் காலத்துக் காரில் பழைய மவுண்டையே திரும்பப் பயன்படுத்த நினைப்பவர்கள் அது கோத்துப் பிடிக்கும் வகைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாமே செய்யும்போது நம்பகமானது புஷ் வகை. வெளியே ஒரு குழாய், உள்ளே பாலியூரித்தேன் அல்லது ரப்பர் புஷ், அதற்குள் ஒரு இரும்பு ஸ்லீவ், இரண்டு காதுகளுக்கு (துளையிட்ட தகடுகள்) நடுவே அதை ஊடுருவிப் போகும் ஒரே ஒரு எம்12 (12 மி.மீ.) போல்ட். புஷ் முழுக்க அழிந்துபோனாலும் குழாய்க்குள் போல்ட் நிற்கும். எஞ்சின் எங்கும் போகாது.

ரப்பரா, பாலியா

மவுண்ட் ரப்பர் பொதுவாக ஷோர் ஏ என்ற அளவுகோலில் (எண் கூடினால் கெட்டி) 50 முதல் 65 கடினம் இருக்கும், பாலி புஷ் 80 முதல் 95 வரை. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் பாலி போட்டால் ஐட்லிங்கில் லேசான அதிர்வு தெரியும், பழகிவிடும். நான்கு சிலிண்டருக்கு அதே பாலி போட்டால் கண்ணாடியில் உருவமே தெரியாத அளவுக்கு நடுங்கும். நான்கு சிலிண்டரில் பிஸ்டன் அசைவால் வரும் இரண்டாம் நிலை அதிர்வு இயல்பிலேயே அதிகம். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பர், வேகமாக ஓட்டும் எட்டு சிலிண்டருக்குப் பாலி என்று வைத்துக்கொள்ளலாம். இரும்பாலான கெட்டி மவுண்ட் பந்தயக் காருக்கு மட்டும். முன்னால் கெட்டி மவுண்ட், கியர்பாக்ஸிலும் கெட்டி மவுண்ட் என்று போட்டால், சேஸ் முறுக்கும்போதெல்லாம் அந்த முறுக்கு கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இறங்கி, அலுமினியக் காது விரிசல் விடும். முன்னால் பாலி, பின்னால் ரப்பர் என்பது பெரும்பாலான கார்களுக்குப் போதும்.

எஞ்சினை நிறுத்துவது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டாண்டுகளைச் சஸ்பென்ஷனுக்கு அடியில் வையுங்கள். ஸ்பிரிங்கில் வண்டியின் எடை இறங்கியிருக்க வேண்டும். சேஸைத் தூக்கி நிறுத்தினால் பின் ஆக்ஸில் தொங்கும், பினியன் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் ஆக்ஸில் தண்டு) கோணம் பொய் சொல்லும். முன்பக்கம் இன்னும் எஞ்சின் எடை இல்லாததால், வண்டி ஓடும்போது எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்துக்கு ஜாக்கியால் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெறும் பிளாக்கை இறக்கி அளவெடுப்பது நேரத்தைத்தான் வீணடிக்கும். சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், சம்ப், ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். உள்ளே பிஸ்டன் இல்லாவிட்டால் பரவாயில்லை. கிரேனில் சாய்வை மாற்றும் லெவலர் இருந்தால் பாதி வேலை மிச்சம். கிரேனில் தொங்கும் எஞ்சினுக்கு அடியில் எக்காரணம் கொண்டும் கையோ தலையோ போகக்கூடாது. இறக்கி மரக்கட்டை மேல் நிறுத்திவிட்டுத்தான் கீழே போக வேண்டும். கட்டையைச் சம்ப்பின் அடித்தகட்டுக்குக் கொடுக்காமல், கிளட்ச் ஹவுசிங்குக்கும் பிளாக்கின் முன் விளிம்புக்கும் கொடுங்கள்.

எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னாலும் கீழேயும் போவது நல்லது. எடை நடுவுக்கு வரும். ஆனால் தடுப்பவை பல. ஃபயர்வாலுக்கு 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், பின்பக்கம் டிஸ்டிரிபியூட்டர் இருந்தால் மூடி கழலும் உயரமும் வேண்டும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ. சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் குறைந்தது 12 மி.மீ. எக்ஸாஸ்டுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் 15 மி.மீ., அதற்கு மேல் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் சூட்டில் குழாய் நீளும், எஞ்சினும் அந்தப் பக்கம் சாயும். சம்ப் கிராஸ் மெம்பருக்குக் கீழே இறங்கவே கூடாது. பானெட் உயரத்தைப் பார்க்க, ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டையை வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய உயரம்தான் உங்களுக்குக் கிடைத்த இடைவெளி. 20 மி.மீ. இருந்தால் போதும்.

நிற்கும் காரில் தெரியாத ஒரு மோதல் இருக்கிறது. முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சஸ்பென்ஷனை முழுக்க மேலே தள்ளி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். சம்ப்பின் முன் விளிம்பும் சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் அந்த நிலையில்தான் சந்திக்கும். பிறகு ஆயில் ஃபில்டரையும் ஸ்டார்ட்டரையும் அதே இடத்தில் வைத்துக் கழற்றிப் பாருங்கள், கிளட்ச் ஹவுசிங்கின் மேல் போல்டுகளில் ஸ்பேனர் ஏறுகிறதா என்றும் பாருங்கள். பிளாக்கை ஒரு முறை வெளியே எடுத்தால்தான் ஸ்டார்ட்டர் கழலும் என்ற நிலையில் விட்ட வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்குத்தான் வருத்தம்.

எஞ்சின் நடுக்கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்டீயரிங் பக்கம் இடம் வேண்டி 20, 25 மி.மீ. எதிர்ப்பக்கம் நகர்த்தலாம். கிராங்கின் கோடு காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் கிராங்க் புல்லியிலிருந்தும் பின்னால் கியர்பாக்ஸ் வாலிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, சேஸின் நடுக்கோட்டிலிருந்து இரண்டையும் அளந்தால் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

சாய்வு

புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வுக்கு முக்கால்வாசிக் காரணம் இங்கே நடக்கும் அவசரம். எஞ்சின் பொதுவாகப் பின்பக்கம் 3 டிகிரி தாழ்ந்து நிற்கும். கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்ட் முகத்தைப் பல எஞ்சின்களில் அந்தச் சாய்வுக்கு ஏற்பவே கடைந்திருப்பார்கள். எஞ்சின் சாய்ந்தாலும் கார்புரேட்டர் மட்டமாக நிற்கும்.

டிஜிட்டல் கோணமானியைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து எஞ்சினின் கோணத்தையும், பினியன் ஃபிளேஞ்ச் முகத்தில் வைத்துப் பின் ஆக்ஸிலின் கோணத்தையும் எடுங்கள். கியர்பாக்ஸ் வெளித்தண்டின் கோடும் பினியன் கோடும் இணையாக இருக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டோடு ஒவ்வொரு முனையிலும் உண்டாகும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் நிற்கட்டும். இரண்டு முனைக் கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டக் கூடாது. முழுப் பூஜ்யமும் நல்லதல்ல: யூ ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும். இலைப் பட்டை ஸ்பிரிங் உள்ள காரில் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும்பும், ஆகையால் நிற்கும்போது அதை 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம்.

முன் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் இடையே 900 மி.மீ. இருந்தால், பின்னால் 16 மி.மீ. ஏற்றி இறக்கினால் 1 டிகிரி மாறும். இந்தக் கணக்கு தெரிந்தால், உயரம் சரிசெய்ய அடியில் செருகும் ஷிம் தகட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

போலி மவுண்ட்

புது ரப்பர் மவுண்ட் எஞ்சின் எடை ஏறியதும் 3 முதல் 5 மி.மீ. வரை அமுங்கும். பிஸ்டன், ஆயில், தண்ணீர் எதுவும் இல்லாத லேசான எஞ்சினை ரப்பர் மேல் வைத்து எல்லா இடைவெளியையும் அளந்துவிட்டு, கடைசியில் முழு எடை இறங்கியதும் சம்ப் கிராஸ் மெம்பரைத் தொடுவது இதனால்தான். அமுங்கிய பிறகு மவுண்ட் எந்த உயரத்தில் நிற்குமோ, அதே உயரத்துக்கு இரும்புக் குழாயிலும் தகட்டிலும் ஒரு போலி மவுண்ட் செய்து, வெல்டிங் முடியும்வரை அதையே பூட்டி வையுங்கள். சூட்டில் ரப்பர் உருகும் கவலையும் தீர்ந்தது.

பிராக்கெட் செய்வது

முதலில் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். பொருந்தியதும் அந்த வடிவை 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டுக்கு மாற்றுங்கள். பிளாக்கில் பூட்டும் தகடும் சேஸில் ஒட்டும் தகடும் 6 மி.மீ.; நடுவில் வரும் கைக்கு 40 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாய். கை நீளமாக இருந்தால் கீழே ஒரு முக்கோணத் தாங்கு தகடு அவசியம். கை 150 மி.மீ.யைத் தாண்டினால் இடத்தேர்வையே மறுபடி யோசிப்பது நல்லது.

பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் மவுண்ட் துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். உதாரணமாக, செவ்ரலேயின் பழைய ஸ்மால் பிளாக்கில் ஒவ்வொரு பக்கமும் மூன்று 3/8 அங்குலத் துளைகள். அதே நிறுவனத்தின் பிந்தைய எல்எஸ் எஞ்சினில் நான்கு எம்10 துளைகள் (மரையின் புரி 1.5 மி.மீ.). நடுவில் ஒரு இடைத்தகடு போட்டால் எல்எஸ்ஸைப் பழைய மவுண்டிலேயே உட்கார வைக்க முடியும். அலுமினிய பிளாக் என்றால் எம்10 போல்ட் குறைந்தது 15 மி.மீ., முடிந்தால் 20 மி.மீ., மரைக்குள் போக வேண்டும். இடைத்தகட்டின் கனத்தைச் சேர்த்து போல்ட் நீளத்தைத் தேர்ந்தெடுக்க மறந்தால், நாலு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும் போல்ட் ஒருநாள் பிளாக்கின் மரையோடு வெளியே வந்துவிடும். நீளம் அதிகமாகி அடிமுட்டினாலும் வம்புதான்: டார்க் ரெஞ்ச் சொடுக்கும், தகடு ஆடும்.

போல்ட் 8.8 அல்லது 10.9 கிரேடு (வலிமையைக் குறிக்கும் எண்). எண்ணெய் பூசாத 8.8 எம்10 போல்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80 முதல் 85. வெட்டு விசை வரும் இடத்தில் மரை இருக்கக் கூடாது; போல்டின் வழவழப்பான பகுதிதான் அங்கே நிற்க வேண்டும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் நைலான் நட் போட்டால் உருகிவிடும், முழு இரும்பு லாக் நட் போடுங்கள்.

புஷ் ஸ்லீவின் நீளம் புஷ்ஷின் வெளி முகங்களைவிட 0.5 முதல் 1 மி.மீ. அதிகம் இருக்க வேண்டும். போல்டை முறுக்கும்போது காதுகள் ஸ்லீவைத்தான் பிடிக்க வேண்டும். புஷ்ஷைப் பிடித்தால் அது திரும்ப முடியாமல் கிழியும், கீச்சிடும். காதுகளை வெல்டு செய்யும்போது இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஸ்லீவ் நீளத்தைவிட 1 மி.மீ. அதிகமான இரும்புத் துண்டை நடுவில் வைத்து, போல்டால் இறுக்கிக்கொண்டு வெல்டு செய்து, முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள். போல்ட் காரின் நீளவாக்கில் போகட்டும். எஞ்சினை இறக்கும்போது கோப்பது சுலபம்.

சேஸில் ஒட்டுவது

பெட்டி வடிவ சேஸில் போல்ட் போடுவதாக இருந்தால், உள்ளே பெட்டியின் அகலத்துக்கு ஒரு குழாய் ஸ்லீவைச் செருகி இரு சுவரிலும் வெல்டு செய்ய வேண்டும். அது இல்லாமல் முறுக்கினால் சேஸ் சுவர் உள்ளே நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும்.

தனி சேஸ் இல்லாத, உடலே சேஸாக இருக்கும் காரில் நீளப் பெட்டியின் தகடு 2 மி.மீ.க்கும் குறைவாக இருக்கலாம். 6 மி.மீ. பிராக்கெட்டை நேராக அதன்மேல் வெல்டு செய்தால் விளிம்பில் தகடு கிழிவது உறுதி. முதலில் 3 அல்லது 4 மி.மீ. பரப்புத் தகடு ஒன்றை, பிராக்கெட்டைவிட இரு மடங்கு நீளத்துக்கு, பெட்டியின் பக்கத்திலும் அடியிலும் எல் வடிவில் மடித்துப் போட்டு, அதன்மேல் பிராக்கெட்டை வையுங்கள். பரப்புத் தகட்டின் முனைகளைச் சாய்சதுரமாகவோ வளைவாகவோ வெட்டுங்கள். சேஸை நேர்குறுக்காக வெட்டும் வெல்டிங் கோடுதான் பின்னாளில் விரிசல் கிளம்பும் கோடு.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள், எஞ்சினுக்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அதை வண்டியை விட்டே எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டு செய்யும் இடத்துக்கு ஓரடிக்குள், சேஸிலேயே இருக்கட்டும். எஞ்சினில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடும். இரும்பைச் சுற்றி 25 மி.மீ.க்குப் பெயின்ட், துரு எல்லாம் போய்ப் பளபளக்கத் தேயுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு அதன்மேல் ஆர்க் வெல்டிங் செய்யவே கூடாது, அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும். அசிட்டோனால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல் குழாய் அருகில் போனால் அதைக் கழற்றி நகர்த்துங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இரு பக்கமும் நாலு நாலு பொட்டு வெல்டு வைத்து, உடனே எல்லா அளவையும் மறுபடி எடுங்கள். சாய்வு, நடுக்கோடு, சம்ப் இடைவெளி, பானெட். பொட்டை உடைத்து மாற்றப் பத்து நிமிடம் போதும். முழு வெல்டை வெட்டி எடுக்க ஒரு நாள் போகும். எல்லாம் சரி என்றால் எஞ்சினை வெளியே எடுத்துவிட்டு, 25 மி.மீ. துண்டுகளாக, இடமும் வலமும் மாற்றி மாற்றி வெல்டு செய்யுங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கம் முடித்தால் சேஸ் அந்தப் பக்கம் வளைந்துகொள்ளும்.

கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பர்

இதைக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்; பக்கத்துக்கு இரண்டு எம்10 போல்ட். துளைகளை 10 முதல் 12 மி.மீ. நீளவாக்கில் நீட்டித் துளையிட்டால் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். நகர்வு முடிந்த நிலையில், வண்டி தன் எடையில் நிற்கும்போது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் வழுக்கு முனை கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் 20 முதல் 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் போக வளைவும் இப்போதே விட்டுவிடுங்கள்.

பூட்டுவதும் சோதிப்பதும்

பிளாக்கில் தகடுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கிவிடுங்கள். ஊடுருவும் போல்டுகளையும் கியர்பாக்ஸ் மவுண்டையும் விரலால் மட்டும். எஞ்சின் இறங்கி முழு எடையும் வந்த பிறகு, அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இரண்டு மூன்று தடவை ஆட்டி, தானாக உட்கார விட்டு, அப்புறம் இறுக்குங்கள். கடப்பாரையால் நெம்பினால்தான் போல்ட் ஏறும் என்றால் துளை தப்பு. நெம்பி ஏற்றினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும், அதிர்வும் உள்ளே வரும்.

எஞ்சினிலிருந்து சேஸுக்கு எர்த் பட்டை போட மறப்பவர்கள் ஏராளம். ரப்பரும் பாலியும் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்கான மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் திரும்பிப் போகும். கேபிள் சிவந்து உறை உருகி இறுகிக்கொள்ளும். பேட்டரி கேபிளின் கனத்துக்குக் குறையாத பட்டை ஒன்று, பெயின்ட் சுரண்டிய இடத்தில், போதிய தொய்வோடு. பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், எக்ஸாஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே தொய்வு வேண்டும்.

முதல் சோதனைக்கு எக்ஸாஸ்டுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் நடுவிலும், சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவிலும் களிமண்ணை வைத்து அழுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே, கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச் கடிக்கும்வரை மெல்ல விடுங்கள், பிறகு ரிவர்ஸிலும். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இருக்கக் கூடாது. களிமண் நசுங்கித் தடம் விழுந்திருந்தால் இடைவெளி போதாது. போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்; 50 கி.மீ. ஓடியதும், 500 கி.மீ. ஓடியதும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி முறுக்குங்கள்.

ஓட்டும்போது வரும் குறைகளைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. ஐட்லிங்கில் மட்டும் அதிர்ந்து, வேகத்தில் அடங்கினால் புஷ் அளவுக்கு மீறிக் கெட்டி. வேகம் ஏற ஏற அதிர்வு கூடினால் மவுண்டைத் தொடாதீர்கள், கோணத்தை அளந்து பாருங்கள். கியர் மாற்றும்போது டக்கென்று ஒரே ஒரு தட்டல் கேட்டால் தளர்ந்த போல்ட் அல்லது பிய்ந்த ரப்பர். இழுக்கும்போது மட்டும் உறுமல் வந்து, கால் எடுத்ததும் நின்றுவிட்டால், எங்கோ எஞ்சினின் இரும்பு சேஸின் இரும்பைத் தொடுகிறது. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச், அல்லது கிளட்ச் ஹவுசிங்கின் அடி விளிம்பு. தேய்ந்து பளபளக்கும் ஒரு சின்ன வடு அங்கே இருக்கும், டார்ச் அடித்துத் தேடினால் கிடைத்துவிடும்.